சிங்கலீலா முகட்டில் நடக்கப் போகிறவர்களுக்கு: மானேபஞ்சாங் முதல் ஃபாலுட் வரை

மேற்கு வங்கத்தின் வடகோடியில், டார்ஜிலிங்குக்கு மேற்கே, இந்தியாவையும் நேபாளத்தையும் பிரித்தபடி வடக்கு தெற்காகக் கிடக்கும் மலைமுகடு சிங்கலீலா. அதன் மேலேயே நாள்கணக்கில் நடந்து 3,636 மீட்டர் உயரத்திலிருக்கும் சாந்தக்பூவுக்கும், அங்கிருந்து இன்னும் 21 கிலோமீட்டர் தள்ளி ஃபாலுட்டுக்கும் போய், காட்டு வழியாகக் கிழக்குப் பக்கம் இறங்கி ஊர் வந்து சேர்வதுதான் இந்தப் பயணம். இமயமலையில் முதல் ட்ரெக் எங்கே போகலாம் என்று கேட்டால் பலரும் இதைத்தான் கைகாட்டுவார்கள், கூடவே "ஈஸிதான், கூடாரம்கூட வேண்டாம்" என்பார்கள். கூடாரம் வேண்டாம் என்பது உண்மை, ராத்திரிக்கு ராத்திரி தங்க விடுதி உண்டு, வழி தவறவும் பெரிய வாய்ப்பில்லை. ஆனால் ஈஸி என்பதை நம்பாதீர்கள். பாடுபட்டு ஏறிய உயரத்தையெல்லாம் இறங்கித் தொலைத்துவிட்டு மறுபடி ஏற வேண்டியிருக்கும், அதுவும் காற்று மெலிந்த இடத்தில்.

முதலில் உயரக் கணக்கு

நடை தொடங்கும் மானேபஞ்சாங் ஏறக்குறைய கொடைக்கானல் உயரம், இரண்டாயிரத்துச் சொச்சம் மீட்டர். அங்கே ஒன்றும் தெரியாது, ஜில்லென்று நன்றாகத்தான் இருக்கும். முதல் நாள் ராத்திரி தங்கப்போகும் தும்லிங்கோ, தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடியைவிட (2,695 மீட்டர்) உயரம். அதாவது தெற்கே எத்தனை மலை ஏறியிருந்தாலும் இந்த உயரத்தில் ஒரு ராத்திரி தூங்கிப் பார்த்திருக்க முடியாது. வெள்ளியங்கிரி ஏழு மலையையும் ஒரே ராத்திரியில் ஏறி இறங்குகிறவருக்குக் காலில் பலம் இருக்கலாம், ஆனால் உயரத்தில் வரும் தலைவலி காலைப் பார்த்து வருவதில்லை.

3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள் என்பதுதான் மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. இதை மனதில் வைத்துத்தான் கீழே நாள் பிரித்திருக்கிறேன். கடல்மட்டத்திலிருந்து 120 மீட்டர்தான் இருக்கும் சிலிகுரியில் காலையில் வண்டி ஏறி, சாயங்காலம் சாந்தக்பூவில் இறங்கி, மறுநாள் திரும்பும் பேக்கேஜ்கள் விற்கிறார்கள். நடக்கவே வேண்டாம், அதனால் பாதுகாப்பு என்று வயசான அப்பா அம்மாவை அதில் கூட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். நடந்து ஏறுவதைவிட அதுதான் ஆபத்து. நடக்கிறவருக்கு உடம்பு பழக மூன்று நாள் கிடைக்கிறது, வண்டியில் போகிறவருக்கு ஒரு பொழுதுகூடக் கிடைப்பதில்லை.

எப்போது போவது

இந்த வழி போகும் சிங்கலீலா தேசியப் பூங்கா ஜூன் 16 முதல் செப்டம்பர் 15 வரை மூடியிருக்கும், மழைக்காலம். மற்ற மாதங்களில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. பூ வேண்டுமென்றால் ஏப்ரல், மே முதல் வாரம். ரோடோடென்ட்ரானை ஊட்டிப் பக்கம் சிவப்பாக ஒன்றிரண்டு பார்த்திருப்பீர்கள், இங்கே சிவப்பு, ரோஸ், வெள்ளை, வெளிர் மஞ்சள் என்று காடே பூத்துக் கிடக்கும், இடையிடையே இலையில்லாத மரத்தில் வெள்ளை மக்னோலியா. ஆனால் அந்த மாதங்களில் மதியம் ஆனால் மேகம் மூடும், பனிமலை தெரிவது அதிர்ஷ்டம்தான். பனிமலை வேண்டுமென்றால் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முழுக்க. டிசம்பருக்குப் பிறகு பனி விழும், ஃபாலுட் வழி அடைபடலாம், முதல்முறை போகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நவம்பரில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிழக்குக் கோடி என்பதால் அங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆறரை வரை வெளிச்சம் இருக்கும் என்ற நம்மூர்ப் பழக்கத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாவகாசமாகக் கிளம்பினால் கடைசி ஒரு மணி நேரம் டார்ச்சில்தான் நடக்க வேண்டும். காலை ஆறரைக்குள் கிளம்பு, மதியம் இரண்டுக்குள் போய்ச் சேர்: இதுதான் அங்கே கால அட்டவணை.

உடம்பைத் தயார் செய்வது

ஆறு வாரமாவது முன்பே தொடங்குங்கள். ஜிம்மில் டிரெட்மில்லில் ஓடுவதைவிட, முதுகில் ஐந்தாறு கிலோ பையோடு படி ஏறி இறங்குவது நூறு மடங்கு மேல். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறவர்கள் லிஃப்ட்டை மறந்துவிடலாம். வாரக்கடைசியில் ஒரு நீண்ட நடை, திருவண்ணாமலைப் பக்கம் இருந்தால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைப் பையோடு சுற்றுங்கள், அது சமதளம்தான் என்றாலும் பாதமும் ஷூவும் ஒன்றுக்கொன்று பழகும். ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் பயிற்சி வேண்டும், ஏனென்றால் இந்த வழியில் முட்டி அடிவாங்குவது ஐந்தாம் நாள் இறக்கத்தில். பருவதமலை, சதுரகிரி மாதிரி ஏதாவது ஒன்றில் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு, மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழுந்து மறுபடி பத்து கிலோமீட்டர் நடக்க முடிகிறதா பாருங்கள். அதுதான் சரியான பரீட்சை, ஒரு நாள் கஷ்டத்தை யாரும் தாங்கிவிடுவார்கள்.

ரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதயப் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரிடம் "3,600 மீட்டரில் இரண்டு ராத்திரி தங்கப்போகிறேன்" என்று அப்படியே சொல்லிக் கேளுங்கள், "மலைக்குப் போறேன் டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவர் ஏற்காட்டை நினைத்துக்கொண்டு தலையாட்டிவிடுவார். உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயாமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்பதையும் அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

பையில் என்ன

புது ஷூவோடு வராதீர்கள், கணுக்காலைப் பிடிக்கிற ஷூவாக வாங்கி ஐம்பது கிலோமீட்டராவது நடந்து பழக்கியிருக்க வேண்டும். துணி அடுக்கடுக்காக: உள்ளே வியர்வையை உலர்த்துகிற டீஷர்ட் அல்லது தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், ராத்திரிக்கு ஒரு கனமான ஜாக்கெட். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. பருத்தி பனியனும் அப்படித்தான், வியர்வையில் நனைந்து, நின்ற இரண்டாவது நிமிஷம் முதுகில் ஐஸ் வைத்ததுபோல ஆகிவிடும். காதை மூடும் குல்லா, கையுறை, மூன்று நான்கு ஜோடி கம்பளிச் சாக்ஸ், தலையில் மாட்டும் டார்ச், பவர் பேங்க், சன்ஸ்க்ரீன், கருப்புக் கண்ணாடி, மழைக்கோட்டு. ஊன்றி நடக்க இரண்டு தடி, வயசாளிகளுக்கு என்று நினைத்து விட்டுவிட்டு வராதீர்கள், முட்டியைக் காப்பாற்றுவது அதுதான். தூங்கும் பை தேவையில்லை, விடுதிகளில் ரஜாய் (கனமான பஞ்சுப் போர்வை) தருவார்கள், இரண்டாவது ரஜாய் கேட்டாலும் தருவார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரையோ வடிகட்டியோ கொண்டுபோனால் பிளாஸ்டிக் பாட்டில் வாங்க வேண்டியிருக்காது.

ரொக்கம் முக்கியம். சிலிகுரியிலோ டார்ஜிலிங்கிலோ எடுத்துக்கொள்ளுங்கள், மேலே போய் போன்பே நீட்டினால் சிரிப்பார்கள், சிக்னலே விட்டு விட்டுத்தான் வரும். அடையாள அட்டையில் வாக்காளர் அட்டை அல்லது பாஸ்போர்ட் இருந்தால் நல்லது, ஆதாரையும் வைத்துக்கொள்ளுங்கள், நகல் நாலைந்து, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ சில. முகட்டில் நெடுக எல்லைக் காவல் படையான எஸ்எஸ்பி சாவடிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும்.

போய்ச் சேருவது, வழிகாட்டி பிடிப்பது

ரயிலில் இறங்க வேண்டிய இடம் நியூ ஜல்பைகுரி. கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை வழியாக வந்து இங்கே நின்றுதான் போகிறது, பொறுமை உள்ளவர்களுக்கு அது போதும். விமானம் என்றால் பாக்டோக்ரா. அங்கிருந்து மானேபஞ்சாங்குக்கு ஜீப்பில் மூன்று நான்கு மணி நேரம், மிரிக் வழியாகவோ கூம் வழியாகவோ போகலாம். அன்று ராத்திரி மானேபஞ்சாங்கிலேயே தங்குங்கள். வந்த அன்றே நடக்கத் தொடங்குகிற வீரம் வேண்டாம்.

பூங்காவுக்குள் வழிகாட்டி இல்லாமல் விட மாட்டார்கள். மானேபஞ்சாங்கில் உள்ளூர் வழிகாட்டிகள் சங்க அலுவலகம் இருக்கிறது, நாள் கூலி நிர்ணயித்துப் பலகையில் போட்டிருப்பார்கள், அதில் பேரம் பேசாதீர்கள். பேச வேண்டியது வேறு: அவருடைய சாப்பாடும் தங்கலும் அதில் சேர்த்தியா, இறங்கி முடித்த பிறகு அவர் ஊர் திரும்பும் செலவு யாருடையது, பறவை மிருகம் பார்ப்பதில் அவருக்குப் பழக்கம் உண்டா. கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலில் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். "எல்லாம் பார்க்கலாம் சார்" என்கிறவரைவிட, "சிவப்பு பாண்டாவுக்கு உத்தரவாதம் கிடையாது, ஆனால் கைரிபாஸில் காலையில் ஐந்து மணிக்கு எழுந்திருக்கத் தயாரா?" என்று திருப்பிக் கேட்கிறவரைப் பிடியுங்கள் (கைரிபாஸ் இரண்டாம் நாள் வழியில் வரும் காட்டுப் பள்ளம்). உங்கள் பை பத்து கிலோவைத் தாண்டினால் சுமைதூக்கி ஒருவரையும் சேர்த்துக்கொள்ளலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

முதல் நாள்: மானேபஞ்சாங் – தும்லிங்

பன்னிரண்டு கிலோமீட்டர் அளவு. முதல் மூன்று கிலோமீட்டர் சித்ரே வரை செங்குத்து, "ஈஸி" என்று சொன்னவரைத் திட்டிக்கொண்டே ஏறுவீர்கள். சித்ரேயில் ஒரு புத்த மடம், ஒரு தேநீர். அதற்குப் பிறகு ஏற்றம் சாந்தமாகிவிடும். மேக்மா என்ற ஊரில் பெரும்பாலும் மேகத்துக்குள்தான் நடப்பீர்கள், பாதையின் ஒரு பக்கத்து வீடு இந்தியா, எதிர் வீடு நேபாளம். தும்லிங்கே நேபாளத்தில்தான் இருக்கிறது. இங்கேயிருந்து ஒரு வேடிக்கை நடக்கும்: நேபாள நேரம் நம்மைவிடக் கால் மணி முன்னால் என்பதால் போன் எந்த நாட்டு சிக்னலைப் பிடிக்கிறதோ அந்த நாட்டு மணியைக் காட்டும், ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் போனில் பதினைந்து நிமிஷம் வித்தியாசம். தானாக மணி மாறுவதையும் ரோமிங்கையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அலாரமும் தப்பும், பில்லும் எகிறும்.

வழியில் பழைய லேண்ட் ரோவர்கள் கடகடவென்று ஆடிக்கொண்டே ஏறி வரும். 1950களில் செய்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. வண்டிப்பாதையும் நடைபாதையும் பல இடங்களில் ஒன்றுதான், சத்தம் கேட்டால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் அல்ல. யாக், கோவேறு கழுதை எதிரே வந்தாலும் இதே விதிதான். மூட்டையோடு வரும் மிருகத்துக்கு நீங்கள் ஓரத்தில் நிற்பது தெரியாது, இடித்துக்கொண்டு போய்விடும்.

இரண்டாம் நாள்: காடு

தும்லிங்கிலிருந்து காளிபோக்ரி வரை பதின்மூன்று கிலோமீட்டர். இந்தப் பயணத்தில் மிருகம் பார்க்க வேண்டுமென்றால் இந்த நாளில்தான் பார்க்க வேண்டும், ஆனால் நிறையப் பேர் இதைத்தான் வேகமாகக் கடந்துபோகிறார்கள். பூங்காவின் வாசலைத் தாண்டி கைரிபாஸ் பள்ளத்துக்குள் இறங்குகிறீர்கள், உயரம் 2,600 மீட்டருக்கு வந்துவிடும், நேற்று ஏறியதில் ஒரு பகுதி போச்சு. இறங்குகிற வழி முழுக்க ஓக், ரோடோடென்ட்ரான், கீழே நெருக்கமாக மாலிங் மூங்கில். கைரிபாஸிலிருந்து கையாகட்டாவுக்கு இரண்டு கிலோமீட்டர் மூச்சு வாங்கும் ஏற்றம். சிவப்பு பாண்டாவின் வீடு இந்தக் காடுதான். நாள் கைவசம் இருந்தால் கைரிபாஸிலோ கையாகட்டாவிலோ ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்குங்கள், உடம்பு உயரத்துக்குப் பழகவும் அது உதவும்.

சிங்கலீலா 1986இல் சரணாலயமாகி 1992இல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு எண்பது சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பெரிய காடு இல்லை, ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் நேபாளத்துக் காடும் சேர்ந்திருப்பதால் மிருகங்களுக்கு அது ஒரே காடு. டார்ஜிலிங் பத்மஜா நாயுடு இமாலய உயிரியல் பூங்காவில் பிறந்து வளர்ந்த இரண்டு சிவப்பு பாண்டாக்களை 2003இல் கொண்டுவந்து விட்டது இந்தக் காட்டில்தான். நேபாளப் பக்கம் உள்ளூர்க்காரர்களே காவலர்களாக இருந்து பாண்டாக்களைக் கணக்கெடுக்கிறார்கள், முன்பே ஏற்பாடு செய்தால் அவர்களோடு தேடிப்போகலாம்.

பார்ப்பது எப்படி? முதலில், தரையைப் பார்த்துத் தேடாதீர்கள். கண்ணை மரத்தின் மேல்பாதியில் வையுங்கள். இந்த மரங்களின் கிளைகள் மேல் செம்பழுப்பாகப் பாசி கொத்துக்கொத்தாகப் படர்ந்திருக்கும், பாண்டாவின் முதுகும் அதே நிறம், அதனால் அது சுருண்டு படுத்திருந்தால் பாசி உருண்டை என்றே கடந்துவிடுவீர்கள். காட்டிக்கொடுப்பது வால். வளையம் வளையமாகக் கோடு போட்ட, கை தண்டிக்குத் தடித்த வால் கிளையிலிருந்து தொங்கும். வெயில் ஏறும்போது சோம்பேறியாக மேலே வந்து கிளையில் காயும், விடியலிலும் அந்தியிலும்தான் சாப்பாட்டுக்கு நகரும். மூங்கில் இலைதான் முக்கிய உணவு, இலையுதிர் காலத்தில் சில மரங்களின் சிறு பழங்களைத் தேடி உச்சிக்கு ஏறும், அப்போது பார்ப்பது கொஞ்சம் சுலபம். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் மலம் கழிக்கும் பழக்கம் உள்ளது, வழிகாட்டி ஒரு பாறை மேலோ தடித்த கிளைக்குக் கீழோ குவிந்துகிடக்கும் விரல் நீளப் பச்சைப் புழுக்கைகளைக் காட்டுவார். கையில் எடுத்து உடைத்தால் மூங்கில் நார் அப்படியே இருக்கும் (எடுக்கச் சொல்லவில்லை, வழிகாட்டிகள் எடுப்பார்கள்). பச்சை ஈரமாக இருந்தால் ஆள் பக்கத்தில்தான். அப்படியும் பார்க்காமல் திரும்புகிறவர்களே அதிகம், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பாண்டா கிடைக்காவிட்டாலும் காடு சும்மா இருப்பதில்லை. நாய் குரைப்பது மாதிரி கேட்டால் அது கேளையாடாக இருக்கலாம், விடாமல் குரைத்தால் பக்கத்தில் சிறுத்தை நடமாட்டம் என்று வழிகாட்டி காதைத் தீட்டுவார். கீரி மாதிரி நீண்ட உடம்போடு மரமேறும் நீலகிரி மார்ட்டெனின் நெருங்கிய உறவான மஞ்சள் கழுத்து மார்ட்டென் ஜோடியாகப் பாதையைக் குறுக்கே கடக்கும். ரத்தச் சிவப்பில் வெள்ளைப் பொட்டு வைத்த, ட்ராகோபான் என்ற காட்டுக்கோழியின் சேவல் ஏப்ரல் விடியலில் குழந்தை அழுவதுபோலக் கத்தும். படைச்சிறுத்தை, அழுங்கு எல்லாம் இருக்கின்றன, நீங்கள் பார்க்கப் போவதில்லை.

கவனிக்க வேண்டியது கருங்கரடி. நெஞ்சில் வெள்ளைப் பிறை போட்ட இமாலயக் கருங்கரடி பனிக்காலத்துக்கு முன் நிறையத் தின்னும், அக்டோபர் நவம்பரில் மூங்கில் புதருக்குள் திடீரென்று முகத்துக்கு முகம் சந்திப்பதுதான் ஆபத்து. தனியாக முன்னால் ஓடாதீர்கள், அடர்ந்த வளைவுகளில் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே போங்கள். பாண்டாவுக்கு அமைதி வேண்டும், கரடிக்குச் சத்தம் வேண்டும் என்றால் என்னதான் செய்வது என்று கேட்கலாம். நின்று பார்க்கும்போது அமைதி, நடக்கும்போது பேச்சு, அவ்வளவுதான். ப்ளூடூத் ஸ்பீக்கர் மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது. கரடி எதிரே வந்துவிட்டால் ஓடாமல், அதையே பார்த்தபடி மெல்லப் பின்வாங்குங்கள். உண்மையைச் சொன்னால், நடக்கிறவர்களை அதிகம் மிரட்டுவது கரடி அல்ல, ஊர் நாய்கள். கல்லெடுக்க வேண்டாம், தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிதானமாகக் கடந்துபோனால் போதும்.

சாயங்காலம் காளிபோக்ரி, கறுத்த தண்ணீருள்ள சின்னக் குளம், சுற்றிலும் மந்திரக் கொடிகள். உள்ளூர்க்காரர்களுக்குப் புனிதமானது, காலை நனைக்காதீர்கள். உயரம் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. இன்று ராத்திரி லேசான தலைவலி, தூக்கம் சரியாக வராதது எல்லாம் பலருக்கும் வரும்.

மூன்றாம் நாள்: ஆறு கிலோமீட்டர்தான், ஆனால்

சாந்தக்பூ இங்கிருந்து ஆறே கிலோமீட்டர். அதனால்தான் பலர் இரண்டாம் நாளே இழுத்துப் பிடித்து ஏறிவிடுகிறார்கள். செய்யாதீர்கள். பிக்கேபஞ்சாங் வரை இரண்டு கிலோமீட்டர் பரவாயில்லை, அதற்குப் பிறகு நாலு கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஒரே ஏற்றம். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம், வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு முட்டினால் வேகத்தைக் குறையுங்கள். நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் நாவி என்று கிடைக்கும் நச்சுக் கிழங்கின் இனச்செடிகள் இந்தச் சரிவுகளில் விளைகின்றன, நீலப்பூ அழகாக இருக்கும், பறிக்காதீர்கள்.

மேலே போனதும் படுத்துவிடாமல் கொஞ்சம் நடமாடுங்கள், தண்ணீரும் சூப்பும் நிறையக் குடியுங்கள். ராத்திரி விடுதி அடுப்படியில் தோங்பா கிடைக்கும். புளித்த கேழ்வரகை மூங்கில் குவளையில் நிரப்பி, வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழலால் உறிஞ்சிக் குடிக்கிற சரக்கு, வெந்நீர் ஊற்ற ஊற்ற வந்துகொண்டே இருக்கும். ருசியானது, ஆனால் சாந்தக்பூவில் வேண்டாம், இறங்கிய பிறகு கோர்கேயில் குடிக்கலாம். உயரத்தில் மது தூக்கத்தையும் மூச்சையும் கெடுக்கும், உயரத்தால் வரும் நோயின் அறிகுறியையும் மறைக்கும்.

அறிகுறிகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தலைவலி, குமட்டல், சாப்பாடு பிடிக்காமல் போவது: அதே இடத்தில் தங்குங்கள், மேலே போகாதீர்கள், தேறினால் மறுநாள் பார்க்கலாம். தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, நுரையோ சளியோ வரும் இருமல், பேச்சில் குழப்பம்: ராத்திரி எத்தனை மணியானாலும் வண்டி பிடித்துக் கீழே இறங்குங்கள். தரையில் ஒரு நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொட்டு நடக்கச் சொல்லிப் பாருங்கள், தடுமாறினால் யோசனையே வேண்டாம். ஆக்சிஜன் சிலிண்டர் இறங்கும் வழிக்குத் துணைதான், இறங்குவதற்குப் பதில் அல்ல.

விடியலில் எழுந்து வெளியே வாருங்கள், ரஜாயைவிட்டு வர மனசே வராதுதான். கேமரா, போன் பேட்டரிகளை ராத்திரி ரஜாய்க்குள் வைத்துக்கொண்டு படுத்திருந்தால்தான் காலையில் உயிரோடு இருக்கும். வடக்கே 8,586 மீட்டர் காஞ்சன்ஜங்கா கூட்டம், மல்லாந்து படுத்திருக்கும் புத்தர் என்பார்கள், அதில் தலைப்பக்கத்துச் சிகரத்துக்குப் பெயர் கும்பகர்ணன் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சிரிப்பு. மேற்கே லோட்சே, எவரெஸ்ட், மகாலு. பெரிதாக, கம்பீரமாகத் தெரிவதை எவரெஸ்ட் என்று எல்லோரும் படம் எடுப்பார்கள், அது மகாலு, கிட்டத்தில் இருப்பதால் அப்படி. பின்னால் தள்ளி அடக்கமாகத் தெரிவதுதான் எவரெஸ்ட். ஒன்பது மணிக்கு மேல் மேகம் வந்துவிடும்.

நான்காம் நாள்: ஃபாலுட்

இந்த நாளுக்குத்தான் அத்தனை பயிற்சியும். 21 கிலோமீட்டர், எட்டு மணி நேரமாவது. முதலில் பட்டுப்போய் நிற்கும் ஃபிர் மரங்கள், அப்புறம் திறந்த புல்வெளி, குட்டை மூங்கில், இரண்டு பக்கமும் சரிவு, தலைக்கு மேல் வானம். 3,500 மீட்டரைச் சுற்றியே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். வழியில் கடை கிடையாது, தண்ணீர் நம்பக்கூடாது, ஆளுக்கு மூன்று லிட்டரும் மதியச் சாப்பாடும் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். பதினாலாவது கிலோமீட்டரில் சபர்கிராம், எஸ்எஸ்பி முகாம் இருக்கிறது. அங்கே மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தாலோ, வானம் கறுத்திருந்தாலோ, யாருக்காவது முடியாமல் போயிருந்தாலோ ஃபாலுட்டை விட்டுவிட்டு, கொஞ்சம் கீழே இறங்கி மோலேயில் தங்கலாம். இடி மின்னல் வந்தால் முகட்டின் மேலே நிற்கவே கூடாது, சரிவில் இறங்கிக் காத்திருங்கள்.

ஃபாலுட்டில் வசதி குறைவு, காற்று ஓயாது, தங்க அரசு விடுதி ஒன்றை நம்பித்தான் போக வேண்டும், அதை மானேபஞ்சாங்கிலேயே வழிகாட்டி மூலம் உறுதி செய்துகொள்ளுங்கள். காஞ்சன்ஜங்கா இங்கிருந்து இன்னும் கிட்டம். வங்கமும் சிக்கிமும் நேபாளமும் சந்திக்கும் மூலை இது.

முட்டி தாங்காது, அல்லது லீவு இல்லை என்பவர்கள் ஃபாலுட் போகாமல் சாந்தக்பூவிலிருந்தே குர்தும் வழியாக ஸ்ரீகோலாவுக்கு ஒரே நாளில் இறங்கலாம். அது செங்குத்தான இறக்கம், காடு அருமையாக இருக்கும்.

இறக்கம்

ஐந்தாம் நாள் ஃபாலுட்டிலிருந்து கோர்கேக்குப் பதினைந்து கிலோமீட்டர், ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். காலையில் உறைபனியில் கிளம்பி மதியம் ஃப்ளீஸைக் கழற்றியிருப்பீர்கள். ஷூ நாடாவைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் கட்டைவிரல் முனையில் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும். கால் எரிகிற இடத்தில் கொப்புளம் வரும் முன்பே டேப் ஒட்டுங்கள். செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் கீழ்க்காட்டில் அட்டை உண்டு, பேன்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், உப்பு ஒரு பொட்டலம் போதும். கோர்கே ஓடைக்கரையில் இருக்கும் சின்ன ஊர், ஓடைக்கு அந்தப் பக்கம் சிக்கிம். தோங்பா இங்கே.

ஆறாம் நாள் சமந்தேன், ரம்மாம் ஊர்கள் வழியாக ஸ்ரீகோலா வரை நீண்ட நடை, வயலும் காடும் மாறி மாறி வரும், முடிவில் ஆற்றின் மேல் தொங்குபாலம். குப்பை முழுவதையும் இதுவரை பையிலேயே சுமந்துகொண்டு வந்திருக்க வேண்டும், மேலே விடுதிக்காரர்களிடம் கொடுத்தால் எரிப்பதைத் தவிர அவர்களுக்கும் வழியில்லை.

ஏழாம் நாள் ரிம்பிக். டார்ஜிலிங், சிலிகுரி ஷேர் ஜீப்புகள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடும், முந்தின நாள் சாயங்காலமே வழிகாட்டியை விட்டு சீட்டுக்குச் சொல்லிவையுங்கள், பின் சீட்டு என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஆறு நாள் நடந்த முட்டியை அதில் மடக்கி வைக்க முடியாது. ரயில் டிக்கெட்டை அதே நாளுக்கு எடுக்காதீர்கள், மண்சரிவும் பந்த்தும் அந்தப் பக்கம் சகஜம், ஒரு நாள் இடைவெளி விடுங்கள். வழிகாட்டிக்கும் சுமைதூக்கிக்கும் கணக்கை ரிம்பிக்கிலேயே தனித்தனியாக, அவரவர் கையில் முடித்துவிடுங்கள், ஒருவர் மூலமாக இன்னொருவருக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம்.